மதினியின் கன்னத்து மங்கு

என் அண்ணன் பெண்டாட்டி, மதினி, பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். வெயிலில் கன்னமெல்லாம் மங்கு விழுந்துவிட்டது. மகளிர் குழுப் பயிற்சியில் முருங்கை இலைச் சாற்றில் கிரீம் செய்யக் கற்றுவந்த நான், சீக்கிரம் வெளுக்கட்டுமே என்று எலுமிச்சைச் சாற்றையும் நானாகச் சேர்த்துக் கொடுத்தேன். அவரோ வெயிலுக்குக் காப்பு என்று நினைத்து, தினமும் காலையில் வள்ளத்தில் ஏறும்போது பூசியிருக்கிறார்.

பத்தே நாளில் கன்னம் தீய்ந்த மாதிரிக் கறுத்துப்போனது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். பயிற்சியில் கொடுத்த தாளை அப்போதுதான் எழுத்துக்கூட்டி முழுதும் படித்தேன். எலுமிச்சை பட்ட தோலில் வெயில் படக்கூடாது என்று அதில் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். மதினி காலி டப்பாவை நீட்டினார்.

“உங்கண்ணன் என்னயக் கருவாடுங்குறாரு. கெடக்குறாரு, விடு. உள்ள கெடந்த கறுப்பெல்லாம் வெளிய வருதுத்தா, மருந்து வேல செய்யுது. இன்னொரு டப்பா தா.”

“இலை தீந்துபோச்சு மதினி” என்றேன்.

மறுநாள் அவரே ஒரு கூடை முருங்கை இலையோடு வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், குனிந்து இலையை உருவத் தொடங்கினேன்.