அடைக்காத தேன்பெட்டி

இன்று காலை கோப்பாயில், பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் பூச்சிமருந்தடிக்கும் மோட்டர் இரைந்தது. என் சிறுவயதுப் பங்குனி ஒன்று நினைவுக்கு வந்தது.

மாரிக்காலம் முழுவதும் சீனிப்பாகு வைத்து அண்ணை காப்பாற்றிய தேனீக்கள், அந்தப் பங்குனியில் வேப்பம்பூவுக்குப் போகத் தொடங்கியிருந்தன. அயல்தோட்டத்துச் செல்லையர் பின்னேரம் வேலியடிக்கு வந்தார்.

"விடிய மருந்தடிக்கப்போறன். பெட்டியை அடைச்சு வையுங்கோ."

பொழுதுபட்டுத் தேனீக்கள் திரும்பியதும் தேன்பெட்டி வாசலை ஈரத்துணியால் அடைக்க என்னிடம் சொல்லிவிட்டு அண்ணை சந்தைக்குப் போனார். பொழுதுபட்டபோது பெட்டிக்குள் தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன. கொட்டிவிடுமென்ற பயத்தில் சிறுவனான நான் கிட்டவே போகவில்லை.

இருட்டிய பிறகு வந்த அண்ணை கேட்டார். "அடைச்சனியோ?"

"ஓம் அண்ணை."

விடியச் செல்லையர் மருந்தடித்த பிறகு முற்றமெல்லாம் தேனீக்கள் விழுந்து துடித்தன. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அண்ணை செல்லையரிடம் கத்துவது கேட்டது.

"தம்பி அடைச்சவன். அவன் பொய் சொல்லான். துணியை நீங்கள்தான் எடுத்திருக்கிறியள்."

"எட, நான் ஏன் எடுக்கிறன்?"

அதன்பிறகு இருவரும் கதைக்கவில்லை. செல்லையரின் செத்தவீட்டுக்கும் அண்ணை போகவில்லை.

என்னருகே திண்ணையில் இருக்கும் அண்ணைக்கு இப்போது காது மந்தம். அன்று நான் அடைக்கவில்லை என்ற உண்மையை அவரிடம் சொல்வதென்றால், வேலிக்கப்பால் மருந்தடிக்கும் செல்லையரின் மகனுக்கும் கேட்கும்படி கத்தவேண்டும். மோட்டர் நின்றுவிட்டது. எனக்கு இன்னும் வாய் வரவில்லை.