மொச்சை பிதுக்கும் நேரம்

என் அண்ணன் பெண்டாட்டி நாச்சம்மாளிடம் யோசனை கேட்டுப் போனால், அவள் ஒரு யோசனையும் சொல்ல மாட்டாள். ஊறவைத்த மொச்சைப் பாத்திரத்தை நம் முன்னால் நகர்த்தி, "மொதல்ல இதைப் பிதுக்குங்க" என்பாள். மார்கழி பிறந்துவிட்டால் மைசூரில் எந்த வீட்டிலும் பிதுக்குப் பருப்புக் குழம்புதான். மொச்சையை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தித் தோலைக் கழற்ற வேண்டும். அண்ணி வீட்டில் அதற்கு ஒரு சட்டமும் உண்டு: பாத்திரம் காலியாகும்வரை யாரும் பேசக் கூடாது. மொச்சை கிடைக்காத மாதங்களில் அதற்குப் பதில் கீரை ஆயலாம், அரிசியில் கல் பொறுக்கலாம்.

கை ஒரு வேலையில் இருந்தால் மனசு தானாகத் தெளியும் என்பது அவள் கட்சி. ஊரார் கையால் வீட்டு வேலையை முடித்துக்கொள்கிறாள் என்பது என் கட்சி. ஆனால் எங்கள் லஷ்கர் மொகல்லாவில் பக்கத்து வீட்டு டோரதி டீச்சர், பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு ஏறவே இல்லையென்று அழாத குறையாக வந்தவள், பாதி மொச்சையில் தானாகச் சிரித்தாள். மறுநாள் ஒரு பை மொச்சைக்காயை வகுப்புக்கு எடுத்துப் போய், நாலு பருப்பில் ஒன்று கால், இரண்டு அரை என்று உரித்துக் காட்டியே பாடம் நடத்தினாள். அதற்கு நான் என்ன சொல்ல?

ஒரு வருஷம் தை மாதத்தில் அண்ணன் மகள் மாதேவிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அண்ணன் ரத்தினசாமி பெரிய பட்டுக்கடை ஒன்றில் விற்பனைப் பொறுப்பில் இருந்தார். அந்த உத்தியோகத்தைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்ததே. ஒரு நாள் மத்தியானமே அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி வீசினார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"கப்பல்ல வந்த போலிப் பட்டை அசல் கொள்ளேகால் பட்டுன்னு சொல்லி விக்கோணுமாம்! நாளைக்கு மொதலாளி மூஞ்சிக்கு நேரா நல்லாக் கேட்டுட்டு வந்துடறேன். அந்த வேலையே எனக்கு வேண்டாம்!"

அண்ணிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் பாத்திரத்தை அவர் முன்னால் நகர்த்தினாள். அண்ணனுக்குக் கோபம் மூக்கின் மேல். அது தணிந்தால் வேலைக்குப் போய்விடுவார் என்று நம்பினாள். நானும் அதையேதான் வேண்டிக்கொண்டேன்.

முதலில் மொச்சை கூடமெங்கும் தெறித்தது. போகப் போக விரல் நிதானப்பட்டது. எல்லாம் முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"மொதலாளிகிட்டச் சண்டை போடலை புள்ள. ஆனா பொய் சொல்லி விக்கவும் மாட்டேன். வேலையை விடறேன்னு அமைதியாச் சொல்லிட்டு வந்துடறேன். அதுக்கு முன்னால மாப்பிள்ளை வீட்டுக்குப் போயி நானே சொல்லிப்போடறேன். மறைச்சுக் கல்யாணம் பண்ணினா, மொதலாளி செய்யற வேலையைத்தானே நானும் செஞ்சதாகும்?"

எனக்கு வந்ததே கோபம்! "பாத்தீங்களா அண்ணி, உங்க மொச்சை செஞ்ச வேலையை? கோவத்தோடவே விட்டிருந்தா விடியறதுக்குள்ள ஆறியிருக்கும். இப்பத் தெளிஞ்சு போயிட்டாரு!"

"தெளிஞ்சு சொல்றவரை நான் எப்படித் தடுக்கறது அம்மிணி?" என்றாள் அண்ணி. பிறகு அண்ணனைப் பார்த்து, "ஏனுங்க, நானும் வர்றேன்" என்றாள்.

மாப்பிள்ளையின் தகப்பனார் நஞ்சுண்டசாமி எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டாராம். காப்பியும் கொடுத்தாராம். வேலையில்லாத வீட்டில் சம்பந்தம் வேண்டாமென்று அதே மரியாதையோடு சொல்லியும் விட்டார்.

திரும்பி வந்த அண்ணி வாசற்படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு, "எல்லாம் என்னாலதானே புள்ள" என்றார். அவரைப் பிடித்து நன்றாகத் திட்ட மாட்டாளா என்று எனக்கு இருந்தது.

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அழுகை வருது, அழுவறேன். அதுக்காக நீங்க செஞ்சது தப்புன்னு ஆயிடாதுங்க."

நான் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். நீங்கள் இந்த வீட்டுக்கு வந்தது எங்கள் அதிர்ஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவளிடம் வாய்விட்டுச் சொன்னேன்.