மாப்பிள்ளை அழைப்பில் அணைந்த விளக்கு

கார் விளக்கு மங்கினால் முதலில் பாட்டரியைப் பார் என்று எந்த டிரைவரும் சொல்லுவான். நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு நாள் மட்டும் பாட்டரியைக் கடைசியாகப் பார்த்தேன். அது என் தங்கை வீட்டிலிருந்து வந்த பாட்டரி என்பதுதான் காரணம்.

யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள். சின்னமனூரில் ஓர் அரிசி ஆலை முதலாளியிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் டிரைவர் வேலை கிடைப்பது குதிரைக் கொம்பு. போய்விட்டால் மறுபடி கிடைப்பது அதைவிடக் கஷ்டம். முதலாளிக்கு எஞ்சினைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. அது இருமினாலும் தும்மினாலும் கண்டுகொள்ள மாட்டார். முன்னால் இருக்கும் இரண்டு பெரிய விளக்குகளும் பளிச்சென்று எரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். காரே அந்த விளக்குக்காக வாங்கியதோ என்று எனக்குச் சந்தேகம் வரும்.

அவர் மகளுக்கு வடுகபட்டியில் மாப்பிள்ளை பார்த்து நாளும் குறித்தார்கள். அந்தச் சமயம் பார்த்து விளக்கு படுத்த ஆரம்பித்தது. ஒருநாள் அந்தி மயங்கும் நேரத்தில் தேனியிலிருந்து முதலாளியை அழைத்து வந்துகொண்டிருந்தேன். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் வலது விளக்கு கண் சிமிட்டியது. வீட்டில் இறங்கும்போது முதலாளி சொன்னார்:

"மாப்ள அழைப்புக்கு நம்ம வண்டிதான். சம்பந்தகாரக அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டு வருவாக. நடுவுல வெளக்கு நின்னுச்சு, அப்பறம் நீ ஸ்டீரிங்கைத் தொடவேண்டாம்."

அவர் சொன்னால் சொன்னதுதான். மறுநாள் காலையிலேயே வண்டிக்கடியில் புகுந்தேன். மட்கார்டுக்கு உள்ளே வயர் உரசி உரசித் தோல் கழன்று கிடந்தது. குண்டு குழியில் அது இரும்பைத் தொட்டால் விளக்கு சிமிட்டாமல் என்ன செய்யும்? டேப் சுற்றி, தள்ளிக் கட்டினேன். பாட்டரியிலிருந்து சட்டத்துக்கு வரும் எர்த் போல்ட்டில் துரு ஏறியிருந்தது. அதையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி முறுக்கினேன். விளக்கு அசையாமல் நின்றது. அதோடு விட்டிருக்கலாம். ஊர்வலத்தில் வண்டி ஆள் நடக்கும் வேகத்தில்தான் போகும். அந்த வேகத்தில் டைனமோ ஒன்றும் தராது, விளக்கு முழுக்க முழுக்கப் பாட்டரியை நம்பித்தான் எரியும். ஆகவே பாட்டரியை முழுசாகச் சார்ஜ் ஏற்றிவிடுவோம் என்று தேனிக்குக் கொண்டுபோய் விட்டுவந்தேன். அந்த வண்டியில் பாட்டரி விளக்குக்குத்தான், எஞ்சின் அது இல்லாமலே ஓடும்.

தேனியில் பாட்டரி சார்ஜ் போடுகிறவர் என் மச்சான், தங்கையைக் கட்டியவர். வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு, ஆயில் எஞ்சின் வைத்துச் சார்ஜ் ஏற்றுவார். அப்போதுதான் பாட்டரியில் ஓடும் ஒரு மைக் செட்டும் வாங்கியிருந்தார். அந்தப் பெரிய குழாயில் பாட்டுக் கேட்கச் சனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்த காலம். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த மைக் செட்டைச் சொல்லிவிட்டதே நான்தான். அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தவன் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமையும் உண்டு. அவள் புருஷன் நாலு பேர் மெச்ச இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதில் என்ன தப்பு?

மாப்பிள்ளை அழைப்புக்கு முந்தின நாள் மத்தியானம் பாட்டரியை எடுக்கப் போனேன்.

"நீங்க உள்ள போயி ஒரு வாய் சாப்பிடுங்க மச்சான். நானே மாட்டி வச்சிர்றேன்," என்றார் மச்சான்.

தங்கை இலை போட்டு, கறிக்குழம்பு வைத்திருந்தாள். போதும் போதும் என்றாலும் விடவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டே இருந்தாள். நான் வெளியே வந்தபோது பாட்டரியை மாட்டி, அதற்கு மேலே வரும் காரின் தரைப் பலகையையும் மூடியாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். பிரித்துப் பார்ப்பதோ நிறுத்துப் பார்ப்பதோ அவர்களைச் சந்தேகப்பட்டதாக ஆகும். அதன் பலனை அங்கே வாழ்கிற பெண்தான் அனுபவிப்பாள். நான் பலகையைத் தூக்கவில்லை. வழக்கம்போல முன்னால் ஹேண்டிலைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளை அழைப்பு புறப்பட்டது. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்திருந்தார். முன்னால் நாதஸ்வரம், பக்கத்தில் தலையில் காஸ் லைட் சுமந்த ஆட்கள். அந்தக் காஸ் லைட்டுகளை அழுதுவடிய வைத்தன என் விளக்குகள். முதலாளி என்னைப் பார்த்து ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தார்.

கடைத்தெரு திரும்பும்போது வெளிச்சம் மஞ்சளாகியது. கொஞ்ச தூரத்தில் பல்புக்குள் இருக்கும் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், வெளிச்சம் ஏறியது. காலை எடுத்தேன், படுத்துவிட்டது. பாட்டரியில் ஒன்றுமில்லை என்பதை இதைவிடத் தெளிவாக அந்த வண்டி எனக்கு எப்படிச் சொல்லும்? ஆனாலும் நான் இறங்கி ஓடிப்போய் மட்கார்டுக்கடியில் டேப்பைத் தடவினேன். ஃப்யூஸைக் கழற்றி மாட்டினேன். எர்த் போல்ட்டைத் திருகினேன். நேற்றுத்தான் மச்சான் கையால் சார்ஜ் ஏறிய பாட்டரியை நான் சந்தேகிக்கத் தயாராக இல்லை. நான் குனிந்திருக்கும்போதே விளக்கு இரண்டும் அணைந்தன.

நாதஸ்வரம் தடுமாறி நின்றது. "ஆத்தா, இதென்ன, வாசலுக்கு வரங்குள்ள வெளக்கு அவிஞ்சுபோச்சு," என்றாள் மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி. காஸ் லைட்டுகளை வண்டிக்கு முன்னால் நிறுத்தி, மிச்சத் தூரத்தை ஒப்பேற்றினோம்.

பந்தலுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, பலகையைத் தூக்கி, தீக்குச்சியைக் கிழித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது என் பாட்டரியே இல்லை. என் பாட்டரிப் பெட்டியில் ஒரு மூலை விண்டு, நானே அரக்கு உருக்கி அடைத்திருந்தேன். இதில் நாலு மூலையும் முழுசாக இருந்தன. தலைக்கு மேலே மைக் செட்டுக் குழாய் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தது. பந்தலுக்குப் பின்னால் போனேன். மச்சான் மேஜைக்கடியில் என் பாட்டரி இருந்தது, அரக்கு மூலையோடு.

"மச்சான்," என்றேன். அவர் இசைத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அதற்குள் முதலாளி என்னைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார்.

"என்ன கோளாறு?"

நான் சொல்லுவதற்கு முன்னால் மச்சான் முந்திக்கொண்டார். "பாட்டரிக்குத் தண்ணி ஊத்தாமக் காயப்போட்டா எந்த வெளக்குங்க நிக்கும்? எத்தனையோ தடவை சொல்லிட்டேன். கேட்டாத்தான."

நான் கால் நீட்டியிருந்தால் என் பாட்டரியை முதலாளிக்குத் தொட்டுக் காட்டியிருக்கலாம். காட்டினால் கல்யாணப் பந்தலில் என் தங்கை புருஷனுக்குத் திருட்டுப் பட்டம். அவரை அடித்து விரட்டியிருப்பார்கள். நாளைக்கு அவள் தேனியில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? நான் வாயை மூடிக்கொண்டேன். அவருக்கு அது தெரியும். தெரிந்துதான் பேசினார்.

"சாவியக் குடு," என்றார் முதலாளி. கொடுத்தேன். பின்னால் பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாணம் முடிந்த பிறகு தேனிக்குப் போனேன், மச்சான் இல்லாத நேரமாகப் பார்த்து. புருஷன் செய்த காரியம் தங்கைக்குத் தெரிந்திருக்காது, பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டே போனேன். பாதி சொல்லும்போதே அவள் குறுக்கிட்டாள்.

"அவுக பாட்டரியில சார்ஜ் நிக்கலண்ணே. பாட்டு நடுவுல நின்னா அவுக பொழப்பே போயிரும்ல. ஒன் வெளக்குக்கு அது ஒரு மணி நேரம் தாங்கும்னுதான் சொன்னாக."

"ஒனக்குத் தெரியுமா?"

"நாந்தாண்ணே மாத்தச் சொன்னேன். அவுக பயந்தாக, அண்ணன் தெறந்து பாத்தா என்ன செய்யன்னு. நம்ம வீட்டுல இருந்து போனா எங்கண்ணன் தெறந்து பாக்காதுன்னேன்."

மச்சான் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் ஒன்றுமில்லாமல் போய்விட்டது. அவர் ஊரார் பிள்ளை. இவள் என் தோளில் தூங்கியவள்.

"என் வேலை போயிருச்சு, தெரியுமா?"

"ஒனக்கு வேற வண்டி கெடைக்காமலா போகும்?" என்றாள். மறுபடி நான் ஸ்டீரிங்கைப் பிடித்தது வருஷக்கணக்கில் கழித்து, மதுரையில். அதை அவளிடம் அன்று எப்படிச் சொல்ல முடியும்? எழுந்தேன். வாசல் வரைக்கும் கூடவே வந்தாள், குரலைத் தாழ்த்தினாள்.

"நீ கேட்டன்னு அவுகளுக்குத் தெரியவேணாம்ண்ணே. மனசு சங்கடப்படுவாக."

என் மனசைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.