மாமல்லபுரத்து மாடியில் ஒரு ‘டப்’

போன சனிக்கிழமை ஒரு மேகத்தைப் பார்த்துக் கத்தினேன். என் வயதுக்கு அழகில்லைதான். என்ன செய்ய... பக்கத்திலிருந்த ஆட்டோ டிரைவர் எனக்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்!

கூடுவாஞ்சேரியில் எங்கள் எதிர் வீட்டுக்காரர் எஸ்தர். ஆராய்ச்சி மாணவி. கணவர் மோகன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சூரிய ஒளியை வைத்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வாயு எடுப்பதுதான் எஸ்தரின் ஆராய்ச்சி. புகையே இல்லாமல் வண்டி ஓட்டலாமாம். அதற்கு அவருடைய சரக்கு? ஒரு மஞ்சள் பொடி. யூரியாவை மூடி போட்டு நன்றாகச் சுட்டால் கிடைக்கிற பாலிமர்.

“காஸ்ட்லி உலோகம் எதுவும் வேணாம் சார். எங்கம்மா படாளத்துல அடுத்தவங்க கழனிக்குத் தெளிச்ச அதே யூரியாதான்” என்பார்.

பொடி லேப் விளக்கில் வேலை செய்தது. நிஜ வெயிலில் நான்கு முறை சொதப்பல். ‘இந்த வாரமும் வரவில்லை என்றால் தலைப்பை மாற்றிவிடுங்கள்’ என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மூன்று வருட உழைப்பு... அப்படியே போய்விடுமா?

நான்கு முறையும் செய்து பார்த்தது வீட்டு மாடியில். எங்கள் தெருவில் சுற்றிலும் அபார்ட்மென்ட். வெயில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். மோகன்தான் வழி சொன்னார். “மகாபலிபுரத்துல எங்கக்கா வூட்டு மாடி கீது. ஒரு மரங்கூட மறைக்காது. ஏறு வண்டில!”

யாரும் கூப்பிடாமலேயே நானும் ஏறிக்கொண்டேன்.

மாடியில் கண்ணாடிக் குடுவை. உள்ளே பொடி கலந்த தண்ணீர். மேலே ரப்பர் மூடி. அதிலிருந்து ஒரு டியூப், வாயுவைப் பிடிக்கத் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்து வைத்த டெஸ்ட் டியூபுக்குப் போகிறது. அரை மணி நேரம் பார்த்தோம். ஒரு குமிழிகூட இல்லை. போதாக்குறைக்கு அந்த மேகம்!

“இன்னா பேஜாரு பண்ற? அப்பால போயேன்!” — இது மோகன், வானத்திடம். நானும் என் பங்குக்கு...

மேகம் போனது. குமிழி வரவில்லை. எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மோர் கொண்டு வந்த மோகனின் அக்கா கேட்டார்: “ஏம்மா, சிலிண்டர் லீக்காவுதான்னு சோப்பு நொரை தடவிப் பாப்போமே... இதுக்குப் பாத்தியா?”

எஸ்தர் அவரையே பார்த்தார். ஓடிப்போய் சோப்பு எடுத்து வந்து மூடியைச் சுற்றித் தடவினார். நுரை பொங்கியது! லேபின் ஏசியில் இறுக்கமாக இருந்த ரப்பர், வெயில் சூட்டில் தளர்ந்து வாயுவை வெளியே விட்டிருக்கிறது.

ஆட்டோவில் இருந்த பசையை வைத்து அடைத்தார்கள். ஒரு குமிழி. இன்னொன்று. அப்புறம் வரிசையாக!

“சூட்டுல விரியற காத்தாவும் இருக்கலாம். கொளுத்திப் பாத்தாதான் தெரியும்” என்றார் எஸ்தர். டியூப் நிறைந்ததும் அதன் வாயருகே எரியும் தீக்குச்சியை நீட்டினார்.

டப்!

ஹைட்ரஜன்தான்! மோகன் மாடியிலேயே குத்தாட்டம். அக்கா விசில். நானும் ஆடினேன் — சாட்சி இருக்கிறது, மறுக்க முடியாது. எஸ்தர் அம்மாவுக்குப் போன் போட்டு, “உன் யூரியா ஜெயிச்சிடுச்சும்மா!” என்று அழுதுகொண்டே சிரித்தார்.

எஸ்தர் தகவல் அனுப்ப, பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது: ‘சந்தோஷம். தலைப்பு அதே இருக்கட்டும். இன்னும் இரண்டு முறை செய்து காட்டுங்கள்.’

“ரெண்டு இன்னா, இருபது தபா காட்டலாம். வெயிலுக்கா பஞ்சம்?” என்றார் மோகன்.

பெரிய பெரிய மெஷின்கள் வாங்கிப் போடுகிறோம். எங்கே ஓட்டை என்று கேட்க ஒரு ஆள் வைத்துக்கொள்கிறோமா?

நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இனி வெயிலைத் திட்டுவதில்லை... கரன்ட் கட் ஆகும் வரைக்குமாவது!