ஆறாம் எண் ஆசாமி

ஆண்களைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது பம்மல் உமரின் எண்ணம். பொத்தேரிப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் அவன் லேப் டெக்னீஷியன்; பன்னிரண்டு வருடமாக மைக்ரோஸ்கோப்பில் விந்தணு எண்ணுவதுதான் பிழைப்பு. அவன் எண்ணினால் மறு எண்ணிக்கை வேண்டாம் என்று கூடத்தின் தலைவர் டாக்டர் ஸ்ம்ருதி ஒருமுறை சொல்லிவிட்டார். அன்று ஏறிய கனம் தலையைவிட்டு இறங்கவேயில்லை.

அவனுக்கும் சபீஹாவுக்கும் கல்யாணமாகி ஐந்து வருடம், குழந்தை இல்லை. அதில் நாலு வருடம் சபீஹா மாத்திரை, ஊசி, ஸ்கேன் என்று குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் அலைந்தாள். புருஷனுடைய ரிப்போர்ட் எங்கே என்று எந்த டாக்டர் கேட்டாலும் உமரிடம் பதில் தயார்: நான் இந்த லைனிலேயே இருக்கிறேன், எனக்கு எல்லாம் நார்மல். சொன்னவன் எண்ணிப் பார்த்தானா என்றால் இல்லை. சொந்த லேபில் கொடுக்க வெட்கம். வெளி லேபில் கொடுக்கலாமென்றால், அங்கே எவனுக்கு ஒழுங்காக எண்ணத் தெரியும்? அப்படி ஓர் அறிவாளி.

போன மாதம் குழந்தையின்மை ஆய்வு ஒன்றுக்கு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் குறையில்லாத ஆண்கள் பத்துப் பேர் தேவைப்பட்டார்கள். வந்தது ஒன்பது பேர். ஆய்வுக்காக என்றதும் வெட்கம் போய், பத்தாவது ஆள் நான் என்று உமர் பெருந்தன்மையோடு முன்வந்தான். எந்த சாம்பிள் யாருடையது என்று எண்ணுகிறவனுக்குத் தெரியக் கூடாது. அதனால் பதிவேடு பார்க்கும் மாளவிகா பெயர்களை மறைத்து எண் ஒட்டிக் கொடுத்தாள்.

ஆறாம் எண்ணில் ஒன்றுமே இல்லை. இன்னொரு சொட்டு வைத்துப் பார்த்தான். அதிலும் இல்லை. உமருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. மாளவிகாவிடம் போய், அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொரு சாம்பிள் வாங்க வேண்டும் என்றான்.

"பக்குவமா சொல்லும்மா. பாவம், வூட்ல அந்தப் பொண்ணை இன்னா பாடு படுத்தினு கீறானோ."

மாளவிகா பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். உடனே மூடினாள்.

"உக்காருங்க அண்ணா," என்றாள்.

எண்ணினவன் தப்பாக எண்ணியிருப்பான் என்றுதான் உமருக்கு முதலில் தோன்றியது. எண்ணினவன் யார் என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அரை நாள் லீவு போட்டு ரயிலேறினான். பல்லாவரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வீடு போய்ச் சேருவதற்குள், எப்படிச் சொல்வதென்று நாலு விதமாக யோசித்து வைத்திருந்தான். சபீஹாவின் முன்னால் நின்றதும் நாலும் மறந்துபோயின.

"கோளாறு என்கிட்டதான் சபீஹா. நார்மல்னு சொன்னது பொய். நான் டெஸ்ட்டே எடுத்ததில்ல," என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

கோபத்தில் அவள் முகம் சிவந்து, பிறகு மெல்ல அடங்கியது.

"நாலு வருஷம் நான் உள்ள ஊசி போட்டுக்கினு இருந்தப்ப, நீங்க வெளிய பெஞ்சுல போன் பாத்துக்கினு இருந்தீங்க. நாளைக்கு நீங்க உள்ள போங்க. நான் வெளிய உக்காந்துக்கறேன். போன் பாக்க மாட்டேன்."