ஈரத் தலையோடு ஒரு கல்யாணம்

கல்யாணப் பெண் இப்படியா இளிப்பாள் என்று அண்ணி காலையிலிருந்து அதட்டிக்கொண்டிருந்தாள். கேட்டால்தானே! கொண்டையில் கிளிப் குத்தும்போதும் சிரிப்பு, மை தீட்டும்போதும் சிரிப்பு. "ஆடாதடி, கொண்டை கோணிக்கும்" என்று மண்டையில் ஒரு குட்டு வைத்தாள் அண்ணி. அதற்கும் சிரிப்புதான்.

பெண்ணுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவள் 'அவசரம்'. பன்றிப் பண்ணையில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. அங்கே ஒரு பன்றி எலும்பு முறிந்தோ, தேறாத நோயிலோ துடித்தால், துடிக்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது. அந்த நிமிடமே வலியில்லாமல் முடித்துவிட வேண்டும். அதற்குப் பயிற்சி எடுத்தவர்கள் மேனேஜரும் இவளும்தான். மேனேஜருக்கு இளகிய மனசு. ஆகவே எப்போதும், "அவசரத்தக் கூப்புடு!"

நெற்றியில் வைத்து அழுத்தும் துப்பாக்கி ஒன்று உண்டு. அதிலிருந்து குண்டு பறக்காது. உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு ஒரு சொடக்கில் பாய்ந்து மூளையைத் தாக்கிவிட்டு உள்ளே திரும்பிவிடும். நினைவு அந்தக் கணமே அறுந்துவிட வேண்டும். அறுந்ததா என்று தெரிந்துகொள்ள மூச்சைப் பார்க்க வேண்டும், கண்ணின் ஓரத்தை விரல் நுனியால் தொட வேண்டும். இமை அசையாவிட்டால் பன்றிக்கு எதுவும் தெரியவில்லை என்று பொருள்.

இந்தத் தொடும் பழக்கம் பண்ணையோடு நிற்கவில்லை. யார் அசையாமல் தூங்கினாலும் அவள் கை துறுதுறுக்கும். சோபாவில் வாயைப் பிளந்து கிடந்த அண்ணனை ஒரு நாள் தொட்டுவிட்டாள். "நான் பன்னி இல்லடி!" என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

மாப்பிள்ளை கிடைத்ததும் அந்த விரலால்தான். அவன் டவுன் பஸ் டிரைவர். கடைசி நிறுத்தத்தில் மற்றவர்கள் இறங்கிய பிறகு ஸ்டியரிங்கில் தலை வைத்துக் கிடந்தான். இறங்கப் போனவள் பதறித் திரும்பி, கூப்பிட்டுப் பார்க்கும் முன்பே கண்ணோரத்தைத் தொட்டுவிட்டாள். இமை படபடத்தது. "அப்பாடா!" என்று அவள் சிரித்த சிரிப்பில் மனுஷன் அவுட். இவ்வளவு மெல்லமாகத் தன்னை யாரும் தொட்டதே இல்லை என்று அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான்.

அது எங்கே படித்த தொடல் என்று அவள் மூச்சு விடவில்லை. சூடு கண்ட பூனை அவள். முன்பு கூடிவந்த ஒரு சம்பந்தம், வேலை என்ன என்று தெரிந்ததும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போயிருந்தது. "கொல்ற கையாலயா என் புள்ளைக்குச் சாப்பாடு?" என்று பையனின் அம்மா படியிறங்கும்போது கேட்டது இன்னும் அவள் காதில் இருந்தது. அதனால் டிரைவரிடம், "குட்டிங்களுக்கு ஊசி போடுறேன்" என்றாள். அதுவும் அவள் செய்கிற வேலைதான், பாதி உண்மை.

வேன் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பியது. வாடகை டிரைவர் கியர் போடும் அழகைச் சகிக்காமல் மாப்பிள்ளையே ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டான். பின்னால் அவன் அம்மாவும் அவள் அண்ணியும். பாதி வழியில் மேனேஜரின் போன் வந்தது.

"மன்னிச்சுக்கம்மா, இன்னைக்குப் போய்க் கூப்புடுறேன். நம்ம மகாராணி, தரைக் கம்பி இடுக்குல கால் மாட்டி தொடை எலும்பு முறிஞ்சு கெடக்கு. டாக்டர் வீடியோவுல பாத்துட்டாரு. தேறாது, ஒடனே முடிங்கன்னுட்டாரு. என் கைதான் இப்படி ஆயிப்போச்சே!"

முந்தின நாள்தான் மேனேஜர் அவள் கல்யாணத்தில் ஆடப்போகும் ஆட்டத்தைக் கழுவிவிட்ட தரையில் ஒத்திகை பார்த்து, வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டிருந்தார்.

அவசரத்தின் சிரிப்பு நின்றது. போகாமல் இருக்கலாம். டாக்டர் வரச் சாயங்காலம் ஆகும். அதுவரை மகாராணி கத்திக்கொண்டே கிடக்கும். தினமும் அவள் சட்டைக் கையைக் கடித்து இழுத்து, காதைச் சொறியச் சொல்லும் பன்றி அது. போனால் பக்கத்தில் இருப்பவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

"வண்டிய பண்ணைக்கு விடுங்க" என்றாள்.

"இப்பவா? ஊசி போடவா?" என்றான் அவன். கேட்டபடியே வண்டியைத் திருப்பினான்.

பண்ணையில் ஒரு சட்டம் உண்டு. வெளிக்கிருமி உள்ளே வரக் கூடாது. கல்யாணப் பெண்ணானாலும் சரி, கடவுளே ஆனாலும் சரி, தலையோடு குளித்து, பண்ணை உடுப்பு மாட்டிக்கொண்டுதான் கொட்டகைக்குள் போக முடியும். "ஐயோ, என் கொண்டை!" என்று அண்ணி வேனுக்குள்ளேயே புலம்பினாள். அந்தக் கொண்டை குளியலறைச் சாக்கடையில் கிளிப் கிளிப்பாகப் போய்ச் சேர்ந்தது.

"நீங்க வெளியவே இருங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியும் மாப்பிள்ளையும் குளித்துவிட்டு வந்து நின்றான். முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிந்துபோன உடுப்பு, கடிக்கிற ரப்பர் பூட்ஸ். வேறு நாளாக இருந்தால் அவள் விழுந்து புரண்டு சிரித்திருப்பாள்.

கொட்டகை வாசலில் அவள் நின்றாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவது என்று முடிவுகட்டியிருந்தாள்.

"நான் ஊசி மட்டும் போடுறதில்ல."

"என்னது?" மகாராணியின் கத்தலில் எதுவும் காதில் விழவில்லை.

"ஊசி மட்டும் போடுறதில்ல!"

"ஊசி மறந்துட்டியா?"

"ஐயோ, கொல்றதும் நான்தான்!" என்று அவன் காதுக்குள் வாயை வைத்து அலறினாள். "புடிக்கலன்னா போயிடுங்க! நான் இத முடிச்சாகணும்!"

அவன் முகம் வெளுத்தது. ஆனாலும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அதற்கு மேல் காத்திருக்க அவளுக்கு நேரமில்லை.

மகாராணியின் பக்கத்தில் மண்டியிட்டு, காதுக்குப் பின்னால் சொறிந்தாள். "வந்துட்டேன்டி, வந்துட்டேன்." கத்தல் முனகலாக இறங்கியது. சொறிகிற கையை எடுக்காமலே மறு கையால் துப்பாக்கியை நெற்றியின் நடுவில், கண்களுக்குச் சற்று மேலே, வாலைப் பார்த்த வாக்கில் வைத்தாள். சொடக்கென்றது. தலை சாய்ந்தது. அடுத்த நொடி கால்கள் நாலும் காற்றை உதைக்கத் தொடங்கின.

"உயிர் இருக்கு! ஐயோ, இன்னும் உயிர் இருக்கு!" என்று மாப்பிள்ளை அலறினான்.

"கால பாக்காதீங்க," என்றாள் அவசரம். "கால் தானா ஆடும், அதுக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணப் பாருங்க."

விரல் நுனியால் மகாராணியின் கண்ணோரத்தை மெல்லத் தொட்டாள். இமை அசையவில்லை. மூச்சும் இல்லை. உதைப்பு மெதுவாக அடங்கியது. மேனேஜர் நல்ல கையால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, "போயிடுச்சும்மா" என்றார். அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகைதான், வேறென்ன.

மாப்பிள்ளை அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னைக்கு பஸ்ல என்னத் தொட்டது இதுதானா?"

"ஆமா."

அவன் திரும்பிக் குளியலறைப் பக்கம் நடந்தான்.

வேனில் அவன் ஸ்டியரிங்கை வாடகை டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தான். போச்சு, எல்லாம் போச்சு என்றது அவள் மனசு. மாமியாராகப் போகிறவள் இரண்டு ஈரத் தலைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரும் எங்கடா போய் நனைஞ்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.

பதிவு அலுவலகத்தில் அதிகாரி இருவரையும் நிற்க வைத்தார். மேனேஜரும் பின்னாலேயே வந்துவிட்டார். சம்மதமா என்ற கேள்விக்கு அவள் சட்டென்று தலையாட்டினாள். அடுத்தது மாப்பிள்ளை. அவன் முழங்கால்கள் தந்தியடித்தன. பேன்ட் தனியாக ஆடியது. அவள் பார்வை அந்தக் கால்களிலேயே குத்திட்டு நின்றது.

"என்னப்பா, சம்மதமா இல்லையா?" என்றார் அதிகாரி. "கால் வாசலப் பாத்து ஓடப்போற மாதிரி ஆடுதே!"

மாப்பிள்ளை அவள் பக்கம் திரும்பினான்.

"கால பாக்காத," என்றான். "கண்ணப் பாரு."

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தை நீட்டினான். அவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவன் கண்ணோரத்தை மெல்லத் தொட்டாள். இமை படபடத்தது. காலையில் அண்ணி அடக்கப் பார்த்த சிரிப்பெல்லாம் மொத்தமாகப் பீறிட்டு வந்தது.

"இருக்கு!" என்றாள்.

"என்னம்மா இருக்கு?" என்றார் அதிகாரி.

"உயிர் சார், உயிர்!" என்று மேனேஜர் மாவுக்கட்டுக் கையைத் தூக்கி ஆடத் தொடங்கினார்.