ஏலத்துக்குப் போன விருது

மைனி வாங்கிய விருது எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டில் இருக்கிறது. கைக்கு அடக்கமான கண்ணாடிக் கட்டை, உள்ளே ஒரு வால்நட்சத்திரம். அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் வால்நட்சத்திரத்தை விட்டுவிட்டு அந்தச் சீட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். கிழித்துப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாமே என்று எனக்கும் தோன்றியதுண்டு.

மைனி என் அண்ணன் மனைவி. அண்ணன் அப்போது கல்ஃபில் ஏசி மெக்கானிக். நான் தக்கலையில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். முகூர்த்தம் இல்லாத மாதத்தில் கேமரா சும்மாதானே கிடக்கிறது என்று மைனி ஒரு கதையோடு வந்து நின்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மைனியிடம் யாருக்கும் வராது.

கதை இதுதான். ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைப்புரையின் கதவைத் திறந்தால் ஒரு பெண்ணுக்கு அந்தப் பக்கம் கல்ஃபில் புருஷன் தங்கியிருக்கும் அறை தெரிகிறது. தினமும் அவன் அந்த வழியாக வந்து சாப்பிட்டுப் போகலாம். ஆனால் சோறு ஆறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். முதலில் ஒரே கொண்டாட்டம். போகப்போக இருவருக்கும் பேச ஒன்றுமில்லாமல் ஆகிறது. குழம்பில் புளி கூடிவிட்டது என்பான் அவன், மோட்டார் ஓடவில்லை என்பாள் அவள். கடைசியில் ஒரு நாள் அவள் அரிசி டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து கதவுக்கு முன்னால் வைத்துவிடுகிறாள். அதோடு படம் முடிகிறது. ஸ்டுடியோவில் ஆல்பம் ஒட்டுகிற பெண் மனைவியாக நடித்தாள். புருஷன் வேஷம் கட்ட ஆள் கிடைக்காமல் அது என் தலையில் விழுந்தது. அண்ணன் லீவுக்கு வந்தபோது விட்டுப்போன புலிப்படம் போட்ட கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடித்தேன். மூக்கும் அண்ணன் மூக்குதான்.

திருவனந்தபுரத்தில் ஒரு குழு அறிவியல் கதைகளுக்கும் மாயக்கதைகளுக்கும் மட்டுமே விருது கொடுக்கிறது. பெரிய படங்களுக்குத் தனி, டிவி எபிசோடுகளுக்கும் குறும்படங்களுக்கும் தனி. மற்றவர்கள் விண்கலமும் ரோபோவுமாக வந்திருந்தார்கள். எங்களிடம் புகைப்புரை. இந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது என்று நடுவர் ஒருவர் கேட்டார். "எங்க ஊருல பாதி வீட்டுல ஆம்பிளையள் போனுலதான் சாப்பிட வாறாங்க சார். நான் ஒரு கதவு மட்டுந்தான் வச்சேன்" என்றாள் மைனி. விருது அவளுக்குத்தான்.

அண்ணனுக்குப் படம் பிடிக்கவில்லை. "எனக்க கம்பளிய வச்சு எடுத்து, என்னையே வெளிய அடைச்சுப் போட்டாளே, லேய். இங்க ரூம்ல எல்லாவனும் பாத்தாச்சு" என்று என்னிடம் சொன்னான். அதன்பிறகு அம்மாவிடம் பேசுவான், என்னிடம் பேசுவான். மைனியிடம் மட்டும் "சாப்பிட்டியா, செரி" என்பதோடு வைத்துவிடுவான். விருது வாங்கிய செய்திக்கும் பதில் இல்லை. "கதையில வாறது அவரு இல்ல தம்பி. அது அவருக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொன்னா போதும் எனக்கு" என்றாள் மைனி. எனக்கு அண்ணன்மேல் கோபம் கோபமாக வந்தது.

அந்தச் சமயத்தில்தான் அம்மா வேலையைக் காட்டினாள். எங்கள் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகைக்கு, வீட்டில் முதலில் விளைந்தது எதுவானாலும் கோயிலுக்குக் கொடுத்துவிட வேண்டும். வாழைக்குலை, பலாப்பழம், கோழி. ஆராதனை முடிந்ததும் முற்றத்துப் பந்தலில் ஏலம் நடக்கும். "மொத காய்ப்பு ஆண்டவருக்கு உள்ளது, மக்கா" என்று அம்மா விருதைத் துணியில் பொதிந்து எடுத்துக்கொண்டாள். நான் எகிறினேன். மைனி, "கொண்டு போங்க மாமி" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அவளுக்கு அது வேண்டாம் என்று ஆகிவிட்டதோ என்று நினைத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தாள்.

ஏலம் கூறுகிற சபைச் செயலருக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. "நல்ல கனமுள்ள சாமான். மேசையில வச்சா பேப்பர் பறக்காது" என்று ஆரம்பித்தார். ரப்பர் வியாபாரி ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டே போனார். ஷட்டில் போட்டிக்குப் பரிசாகக் கொடுக்கலாம், பேரை மட்டும் மாற்றினால் போதும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பெண்கள் பக்கம் மைனி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக ஏலத்தை நேரலையில் காட்டுவது எங்கள் சபை வழக்கம். என் போன் அடித்தது. அண்ணன்.

"லேய், கேளு."

"என்னத்த?"

"அதத்தான். அவனுக்க கைக்குப் போகாண்டாம். கேட்டுட்டே இரு."

கேட்டேன். எவ்வளவுக்குப் போனது என்பது இங்கே தேவையில்லை, வியாபாரி உட்கார்ந்துவிட்டார். ஆனால் எங்கள் ஏலம் அத்தோடு முடியாது. முதலில் எடுத்தவர் பொருளைத் திரும்பக் கோயிலுக்கே கொடுத்துவிடுவார், மறுபடியும் ஏலம் கூறுவார்கள். வைத்துக்கொண்டால் கஞ்சன் என்று பேர். செயலர் மைக்கிலேயே, "திருப்பித் தாறியளா?" என்று கேட்டார். நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"இல்ல மாமா. இது தரமாட்டேன். அவளுக்க கையில குடுங்க."

செயலர் ஒரு மஞ்சள் சீட்டை எழுதி விருதின் அடியில் ஒட்டினார். பந்தலில் ஒரு கோழி கத்திக்கொண்டிருந்தது. மைனி எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். போனை அவளிடம் நீட்டினேன். ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டேன், அதனால் எல்லோருமே கேட்டார்கள்.

"இனி அந்த டிரம்ம கொஞ்சம் நீக்கி வையிட்டி."

அண்ணன் இப்போது ஊரோடு வந்துவிட்டான். மைனி அடுத்த படம் எடுக்கிறாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு அவனே நடிக்கிறான், என்னைவிட மோசமாக. போன வாரம் ஒரு பத்திரிகையில் விருதின் போட்டோ கேட்டிருந்தார்கள். நகத்தால் அந்த மஞ்சள் சீட்டைச் சுரண்டப் போனேன். மைனி என் கையிலிருந்து கட்டையை வாங்கிக்கொண்டாள்.

"அது இருக்கட்டும் தம்பி" என்றாள். "மேல எனக்க பேரு இருக்கு. அவருக்க பேரு அதுலதான் இருக்கு."

ஏலம் எடுத்தவர் என்ற இடத்தில், செயலரின் கோணல் எழுத்தில், அண்ணன் பேர்.